டர்புலன்ஸ்: ஒரு லிட்டர் பாட்டிலும் ஸ்டாப்வாட்ச்சும் போதும்

அகராதியில் டர்புலன்ஸ் என்று தேடினால் ‘கொந்தளிப்பு’ என்று வரும். தப்பில்லை. ஆனால் கொந்தளிப்பு என்றதும் நமக்குக் கடல்தான் ஞாபகம் வரும். அப்புறம் அரசியல், மனசு. மூன்றிலும் ஒரு ஆவேசம் இருக்கிறது. இயற்பியலில் இந்தச் சொல்லுக்கு ஆவேசம் தேவையே இல்லை, ஒழுங்கு கலைந்தால் போதும். வேர்ச்சொல்லும் அதைத்தான் சொல்கிறது: லத்தீனில் ‘டர்பா’ என்றால் கும்பல், அமளி. கோயிலில் வரிசை நகர்வது ஒரு விதம். நடை திறந்ததும் வரிசை கலைந்து ஆளுக்கொரு பக்கம் முண்டுவது இன்னொரு விதம். இரண்டிலும் கூட்டம் சந்நிதியை நோக்கித்தான் போகிறது.

இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தேவையானவை: ஊதுபத்தி, ஒரு லிட்டர் பாட்டில், ஸ்கேல், செல்போன்.

படி 1: ஊதுபத்தி

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியிலிருந்து தள்ளி அசையாமல் உட்காருங்கள். கிட்டே போனால் உங்கள் மூச்சே காரியத்தைக் கெடுத்துவிடும். புகை முதலில் நூல் பிடித்தாற்போல் நேராக ஏறும். கொஞ்ச உயரத்தில் லேசாக நெளியும். அதற்கு மேல் சுருள் சுருளாகப் பிரிந்து கலையும். கீழே இருப்பது வரிச்சீர் ஓட்டம், மேலே இருப்பது டர்புலன்ஸ். அந்த நெளிகிற இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: குழாய்

வாயில் சல்லடை மூடி உள்ள குழாய் என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். நான் முதல் தடவை கழற்றாமல் அரை மணி நேரம் வீணாக்கினேன். சல்லடை தண்ணீரோடு காற்றைக் கலந்து எப்போதும் நுரையாகத்தான் விடும்.

இப்போது குழாயை மிக மெதுவாகத் திறங்கள். சொட்டு நின்று, தண்ணீர் கண்ணாடிக் குச்சி மாதிரி இறங்கும். பின்னால் விரலை வைத்தால் தெரியும். ஓடுகிறதா நிற்கிறதா என்றே சந்தேகம் வரும். இன்னும் கொஞ்சம் திறந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி வெளுக்கும், சத்தமும் மாறும்.

குழாய் வாயிலிருந்து முதல் இரண்டு மூன்று அங்குலத்தை மட்டும் பாருங்கள். மெல்லிய தாரை கீழே போகப்போகச் சொட்டுச் சொட்டாக அறுந்துபோவது டர்புலன்ஸ் அல்ல. பரப்பு இழுவிசையின் வேலை. புதிதாகச் செய்பவர்கள் குழம்புகிற இடம் இதுதான்.

படி 3: எண்ணாக்குவது

1883-இல் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீருக்குள் சாய நூல் ஒன்றை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது நூல் கடைசிவரை நூலாகவே போனது. வேகம் கூட்டியதும் ஓரிடத்தில் சட்டென்று சிதறிக் குழாய் முழுக்கப் பரவியது. வேடிக்கை என்னவென்றால், அவர் தன் கட்டுரைத் தலைப்பில் டர்புலன்ஸ் என்று எழுதவில்லை. ‘நேர்’, ‘நெளிவு’ என்ற பொருளுள்ள சொற்களையே போட்டார். எப்போது சிதறும் என்று சொல்லும் எண்ணுக்குப் பிற்பாடு அவர் பெயரே நிலைத்தது.

ரெனால்ட்ஸ் எண் = வேகம் × குழாயின் உள்விட்டம் ÷ பாகுநிலை.

பாகுநிலை என்றால் திரவத்தின் பிசுபிசுப்பு. இங்கே போடுவது இயக்கப் பாகுநிலை, அதாவது அந்தப் பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்தது. 30 டிகிரி தண்ணீருக்கு அது சதுர மீட்டர்/வினாடி அலகில் 0.0000008. வீட்டில் வேகத்தை அளப்பது கஷ்டம், அதனால் சுருக்குவழி: வாயின் உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால், ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, 1,06,000-ஐ அதால் வகுங்கள். வந்த விடைதான் ரெனால்ட்ஸ் எண். (ஸ்கேலில் 12 வந்தால் 1,06,000-க்குப் பதில் 1,32,500.)

என் வீட்டில் ஒரு லிட்டருக்கு 60 வினாடி: சுமார் 1,770, கண்ணாடிக் குச்சி. 20 வினாடி: 5,300, சொரசொரப்பு. குழாய்க்குள் 2,300-க்குக் கீழே ஒழுங்கு, 4,000-க்கு மேலே கலக்கம், நடுவில் இரண்டுங்கெட்டான் என்பது பொதுக்கணக்கு. கறாரான கோடு அல்ல. ரெனால்ட்ஸே அதிர்வில்லாமல் பார்த்துக்கொண்டு 10,000-ஐத் தாண்டியும் நூலைக் காப்பாற்றியிருக்கிறார்.

படி 4: அமைதியான வாய்க்கால்

ஒரு மீட்டர் ஆழ வாய்க்கால், வினாடிக்கு அரை மீட்டர் வேகம். ஆழத்தையே அளவாக வைத்துப் போடுங்கள்: 0.5 × 1 ÷ 0.0000008 = 6,25,000. பார்க்கச் சாதுவாகப் போகிறது, ஆனால் எல்லையைப் பல மடங்கு தாண்டிய டர்புலன்ஸ். ‘கொந்தளிப்பு’ என்ற மொழிபெயர்ப்பு நம்மை ஏமாற்றுவது இங்கேதான். நம்பிக்கையில்லையா? ஒரு கைப்பிடி உமியைத் தூவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்ட உமி நாலா பக்கமும் விலகிவிடும். இதற்கு நேர்மாறாக, பாட்டிலிலிருந்து விளக்கெண்ணெயை ஊற்றுங்கள். தண்ணீரைவிடப் பாகுநிலை சில நூறு மடங்கு அதிகம் என்பதால் எண் அந்த அளவுக்குச் சரியும். அது கலைய நினைத்தாலும் முடியாது.

படி 5: விமானம்

விமானத்தில் ‘ஏர் பாக்கெட்’ என்பார்கள். காற்றில் காலிப் பள்ளம் எதுவும் கிடையாது. மேலும் கீழுமாகப் போகும் காற்றுச் சுழல்களைத்தான் விமானம் கடக்கிறது. வானிலை ரேடார் நீர்த்துளிகளைத்தான் பார்க்கும். மேகமில்லாத இடத்து டர்புலன்ஸ் அதில் தெரியாது.

2024 மே 21-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மருக்கு மேலே மாட்டியது. ஒரு பயணி இறந்தார். பாங்காக்கில் இறக்கினார்கள். ஆறாயிரம் அடி விழுந்தது என்று செய்தி பரவியது. விசாரணைத் தரவுப்படி அந்தக் குலுக்கலில் இறங்கியது ஐந்து வினாடிக்குள் 54 மீட்டர்தான். காயப்படுத்தியது உயரம் அல்ல. விசையின் திசை சட்டென்று மாறியதில் பெல்ட் போடாதவர்கள் இருக்கையை விட்டு எழும்பித் திரும்ப விழுந்தார்கள். ‘பெல்ட் போடுங்கள்’ விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

படி 6: எங்கே எந்தச் சொல்

கடல், அரசியல், பங்குச்சந்தை: ‘கொந்தளிப்பு’ சரி. விமானத்துக்கு ‘டர்புலன்ஸ்’ என்றே எழுதலாம், எல்லாருக்கும் புரிகிறது. பாடப்புத்தகத்துக்குச் ‘சுழற்சி ஓட்டம்’ என்று சொல்கிறார்கள். எனக்கு அது அரைமனசுதான். ராட்டினம் கூடச் சுழல்கிறது, ஒழுங்காகவே. ‘கலங்கோட்டம்’ என்று யாராவது புழக்கத்தில் விட்டால் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

டீக்கடையில் மாஸ்டர் ஆற்றும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். சர்க்கரை கரைவதும் சூடு இறங்குவதும் அந்தக் கலக்கத்தால்தான். ஆற்றாமல் வாங்கினால் கடைசி மடக்கு வெறும் பாகு.