குளத்தில் ஆமையை விடுவது புண்ணியம் ஆகாது

சிங்கப்பூர்ப் பூங்காக் குளங்களில் கல்லின் மேல் ஏறி வெயில் காயும் ஆமைகளைக் கவனித்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது சிவப்புக்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். இங்கே கடையில் வாங்கி வளர்த்த யாரோ ஒருவர் கொண்டுவந்து விட்டதால்தான் அது நம் குளத்தில் இருக்கிறது.

ஆமை, தவளை, ஓணான், பாம்பு விஷயத்தில் நாம் செய்யும் மற்ற எல்லாத் தவறுகளையும் விட இப்படி விடுவது பெரியது. குட்டியாக வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், 20, 30 ஆண்டுகள் வாழும், தொட்டி நாறும். "பாவம், சுதந்திரமாக இருக்கட்டும்" என்று குளத்தில் விடுகிறார்கள். விசாக தினத்தில் புண்ணியத்துக்காக விடுபவர்களும் உண்டு. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் விளைவு நல்லதாக இல்லை. கைத்தீனிக்குப் பழகிய ஆமைகள் பல பட்டினியிலோ நோயிலோ சாகின்றன. பிழைத்தவை உள்ளூர் ஆமைகளின் இரையிலும் வெயில் காயும் இடத்திலும் பங்குக்கு வருகின்றன.

சந்தையில் கறிக்கு விற்கும் அமெரிக்கக் காளைத்தவளையை விடுவது இன்னும் ஆபத்து. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையை அது நோய்வாய்ப்படாமலே சுமக்கக்கூடியது. அந்தப் பூஞ்சையால் உலகில் சுமார் 90 இருவாழ்வி இனங்கள் அழிந்துபோனதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி விலங்குகளை விட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. வளர்க்கும் ஆமையை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால், வளர்க்கத் தயாராக இருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

அடுத்தது ஓணான். தமிழ்நாட்டில் வேலியிலும் சுவரிலும் பார்த்துப் பழகிய அதே இனம் இங்கே புதர்களில் உட்கார்ந்து தலையாட்டுவதால், இந்த மண்ணுக்கே உரியது என்று நம்மவர்கள் எளிதில் நினைத்துவிடுகிறோம். சிங்கப்பூருக்கு அது 1980களில்தான் வந்து சேர்ந்தது. இந்தத் தீவின் சொந்தக்காரன் மெலிந்த உடலும் நீண்ட வாலும் கொண்ட பச்சை ஓணான். ஒரு காலத்தில் வீட்டுத் தோட்டங்களிலும் தென்பட்டது, இப்போது பெரும்பாலும் காட்டிலும் காட்டோரத்திலும்தான் இருக்கிறது.

உடனே கல்லைத் தூக்க வேண்டாம். வந்தேறி மட்டுமே காரணம் என்று நினைப்பதும் தவறுதான். பச்சை ஓணானுக்கு அடர்ந்த மரக்கிளைகள் வேண்டும். மரங்களை வெட்டி, புல்தரையும் தாழ்ந்த புதருமாக நாம் மாற்றிய இடம் வெயில் விரும்பும் புதியவனுக்குத் தோதாக அமைந்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டவர்கள் நாம்தான். எத்தனை ஓணானைக் கொன்றாலும் மரம் இல்லாத இடத்துக்குப் பச்சை ஓணான் திரும்பாது.

நகரில் சில இனங்கள் நன்றாக வாழ்வதைப் பார்த்து எல்லாமே சமாளித்துவிடும் என்று சொல்வதையும் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பேச்சுதான். மழை ஓய்ந்த இரவில் வீவக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மாடு கத்துவதுபோல் கேட்கும் குரல், பட்டைத் தவளையுடையது. வெளியிலிருந்து வந்த இனம். சீக்கிரம் வற்றிவிடும் மழைத்தேக்கத்தில் முட்டையிட்டு, இரண்டு வாரம் போல ஒரு காலத்துக்குள் தலைப்பிரட்டை தவளையாகிவிடும். சதுப்புநிலத்து நண்டுதின்னித் தவளையோ உப்புக் கலந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் நிழலான, தெளிந்த ஓடையில் மட்டுமே பெருகும் காட்டுத் தவளைகளும் இங்கே இருக்கின்றன. அவற்றுக்கு மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, புக்கித் தீமா போன்ற சில காடுகளை விட்டால் போக்கிடம் இல்லை. கால்வாயில் எத்தனை தவளை கத்தினாலும், காட்டு ஓடை நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

மலைப்பாம்பைக் கால்வாயில் கண்டால் "காட்டிலிருந்து வழிதவறி வந்துவிட்டது" என்பார்கள். வழியெல்லாம் தவறவில்லை. அது இந்த ஊர்ப் பாம்பு. கால்வாய்கள் அதற்குப் பாதை, எலிகள் இரை. தன் வழியில் போகிறது என்றால் தள்ளி நின்று விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வந்தாலோ அடிபட்டிருந்தாலோ தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணை அழையுங்கள். நீங்களே பிடிக்கப் போகாதீர்கள். கருநிறத்தில் இருப்பது விஷம் உமிழும் நாகமாகவும் இருக்கலாம். உடும்புக்கு ரொட்டி போடுவதும் வேண்டாம். மனிதரைப் பார்த்ததும் நெருங்கிவரும் உடும்பைப் பற்றித்தான் பிறகு புகார் போகும்.

கடைசியாக, யாரும் சந்தேகப்படாத பூந்தொட்டி. கரீபியப் பகுதியின் பழுப்பு அனோல் பல்லி 2012இல் கரையோரப் பூந்தோட்டங்களில் பதிவானது. இறக்குமதிச் செடிகளோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதே பகுதியைச் சேர்ந்த பசுமைக்குடில் தவளைக்குக் குளமே தேவையில்லை. ஈரமண்ணில் இட்ட முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். அதனால் புதிதாகச் செடி வாங்கினால் இலை மடிப்பையும் தொட்டியின் அடிப்பக்கத்தையும் மண்ணையும் ஒரு தடவை கிளறிப் பாருங்கள். பழக்கமில்லாத பல்லியோ தவளையோ தென்பட்டால் வெளியே உதறிவிடாமல் படம் எடுத்துப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.