பழைய காருக்கு ரூஃப் லைனிங் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மோரிஸ் மைனர், பழைய பீட்டில் போன்ற வண்டிகளின் ரூஃப் லைனிங், அதாவது கூரையின் உட்புறத்தை மூடும் துணி, இன்றைய கார்களைப் போல அட்டையில் ஒட்டியது அல்ல. கூரைக்கு அடியில் குறுக்காக நிற்கும் எஃகுக் கம்பிகளில் தொங்குவது. பாவாடையில் நாடா கோக்கும் பட்டி மாதிரி, துணியின் பின்பக்கம் ஒவ்வொரு தையலிலும் ஒரு பட்டி இருக்கும். கம்பி அதற்குள் போகும். அதன் இரு முனைகளும் பக்கச் சட்டத்தின் துளைகளில் உட்காரும். துணியின் ஓரங்கள் மட்டுமே கண்ணாடிச் சட்டத்திலும் கதவுச் சட்டத்திலும் பசை போட்டு ஒட்டப்படும்.

பொறுமையுள்ள இரண்டு பேர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் முதல்முறை செய்தவர்களின் வண்டிகளைப் பார்த்தால் அதே மூலையில் அதே சுருக்கம், அதே இடத்தில் அதே கிழிசல். சீட்டைக் கழற்றுங்கள், பேட்டரி வயரை எடுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

கம்பிகளைக் குறிக்காமல் உருவுவது

கம்பிகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றுபோல இல்லை. கூரையின் வளைவு இடத்துக்கு இடம் மாறுவதால் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. சில வண்டிகளில் ஒரே கம்பிக்குப் பக்கச் சட்டத்தில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். எந்தத் துளையில் இருந்தது என்பதைப் பொறுத்துத் துணி கூரையை ஒட்டி நிற்கும், அல்லது தலையில் இடிக்கும். உருவும் முன்பே ஒவ்வொரு கம்பியிலும் மாஸ்கிங் டேப் சுற்றி, முன்னிருந்து எண்ணும், இடது வலதும், துளையும் எழுதிவிடுங்கள். கடைசிக் கம்பியைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் சிறு கொக்கிகள் இருந்தால் அவற்றையும் படம் எடுங்கள். அந்தக் கொக்கி இல்லாவிட்டால், துணியை முன்னால் இழுத்தவுடன் பின் கம்பி முன்பக்கம் சாய்ந்துவிடும்.

பழைய துணியைக் குப்பையில் போடுவது

அதுதான் உங்கள் அளவு. அம்பாசடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்த வண்டி. இடையில் உட்புறம் பலமுறை மாறியது. வேறொரு வண்டியின் அளவில் வெட்டிய துணி உங்களுடையதற்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. பழையதைத் தையல் பிரித்து, துண்டு துண்டாக விரித்து அளவெடுங்கள். சுற்று ஓரத்தில் 6 அல்லது 7 செ.மீ. கூடுதலாக விடலாம். தையலுக்கும் தையலுக்கும் இடையிலான தூரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது மாறினால் கம்பி நேராக நிற்காது.

பட்டிக்கு இழுபடாத காடாத்துணி, தையலுக்குப் பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் கூரையின் வெப்பத்திலும் ஈரத்திலும் இற்றுப்போகும்.

ஃபோம் வைத்த துணி

வேண்டாம். அது அட்டைக் கூரைக்கானது. கம்பியில் சீராக இழுபடாது, சில வருட வெயிலில் ஃபோம் பொடியாகித் தலையில் கொட்டும்.

முன்கூட்டியே கத்தரி வைப்பது

இந்த ஒரு தவறுதான் துணியை மொத்தமாக வீணாக்குகிறது. எத்தனை முறை சொன்னாலும் நடப்பதால் எரிச்சலும் வருகிறது. மற்ற எந்தத் தவறையும் பிரித்துத் திரும்ப ஒட்டிச் சரிசெய்யலாம். வெட்டிய துணி வளராது.

இது மூன்று இடங்களில் நடக்கும்.

முதலாவது, பட்டியின் முனைகள். கம்பி பக்கவாட்டில் வளைந்து இறங்கும் இடத்தில், துணி கம்பியை விட்டு விலகிக் கதவுச் சட்டத்துக்குப் போக வேண்டும். பட்டி முழு நீளமும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் துணியால் விலக முடியாது. கம்பி முனையிலிருந்து விசிறி விரித்தாற்போல் சுருக்கம் ஓடும். ஆகவே பட்டியை மட்டும், துணியைத் தொடாமல், இரு முனையிலும் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும். இங்கேதான் அவசரம் வருகிறது. சுருக்கத்தைப் பார்த்த பதற்றத்தில் ஒரேயடியாக ஒரு சாண் வெட்டிவிடுகிறார்கள். சுருக்கம் போய்விடும், கூடவே பிடிப்பும் போய்விடும். அந்த இடத்தில் தையல் தொய்ந்து, கதவுக்கு மேலே தொப்பை மாதிரி இறங்கும். அதை எந்தப் பசையாலும் தூக்க முடியாது.

சரியான முறை இதுதான்: ஒரு சென்டிமீட்டர் வெட்டுங்கள், துணியை ஓரத்துக்கு இழுத்துப் பாருங்கள், சுருக்கம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். இன்னும் இருந்தால் இன்னொரு சென்டிமீட்டர். மறுபக்கமும் அதே அளவு. துணி கம்பியைத் தொட்டபடி இருந்து, இயல்பாக விலகும் புள்ளி வந்ததும் நிறுத்துங்கள்.

இரண்டாவது, கண்ணாடி மூலைகள். வளைவான ஓரத்தில் துணி மடங்க வேண்டுமானால் சின்னச் சின்ன வெட்டுகள் தேவை, சரி. ஆனால் வெட்டு தகட்டு விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். விளிம்பு வரை வெட்டினால், இழுக்கும்போது அது உள்ளே கிழிந்து ஓடும். கண்ணாடி ரப்பரால் மறைக்க முடியாத இடத்துக்கு வந்துவிடும். ஒரு பத்மினியில் எல்லா மூலையும் அருமையாக அமைந்து, பின்கண்ணாடியின் இடது மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிசல் தெரிந்தது. அந்த ஒரு மூலைக்காக முழு லைனிங்கையும் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. ஒட்டுப் போட்டால் கண்ணாடி வெளிச்சத்தில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

மூன்றாவது, ஓரத்து மிச்சம். ஒரு பக்கம் ஒட்டியவுடன் தொங்கும் துணியைச் சுத்தமாக நறுக்கிவிடத் தோன்றும். எதிர்ப்பக்கம் இழுக்கும்போது முதல் பக்கத்தைப் பிரித்து மறுபடி இழுக்க நேரும்; பிடிக்கத் துணி இருக்காது. நாற்பது ஐம்பது பைண்டர் கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள். கூரையின் முன்னும் பின்னும் நடுப்புள்ளியைச் சாக்கட்டியால் குறித்து, துணியின் நடுவையும் குறித்து, இரண்டையும் பொருத்துங்கள். முதலில் முன், பின், பிறகு பக்கங்கள். எப்போதும் நடுவிலிருந்து மூலை நோக்கி, இடமும் வலமும் மாறி மாறி. முழுவதும் கிளிப்பில் நிற்கட்டும். தையல்கள் நேராக இருக்கின்றனவா என்று பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். திருப்தியான பிறகே பசை. பசை போட்டு ஓர் இரவு விட்டு, மறுநாள்தான் ஓரத்தை நறுக்க வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றாமல் சமாளிப்பது

லைனிங்கின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போக வேண்டும். ரப்பரைத் தூக்கித் தூக்கித் துணியைச் செருகினால் பசை பிடிக்காது. சீக்கிரமே வெளியே வந்துவிடும். முன், பின் கண்ணாடிகளைக் கழற்றுங்கள். ரப்பர் இறுகியிருந்தால் அதே ரப்பரைத் திரும்பப் போடாதீர்கள்.

கழற்றியதும் தகட்டு விளிம்பைப் பாருங்கள். பழைய வண்டியில் துரு இல்லாமல் இருக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு என்ற துரு தடுப்புப் பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மேற்கொண்டு போகலாம். துரு மேல் ஒட்டிய துணி துருவோடு உரிந்து வரும். மழைத்தண்ணீர் இறங்கினால் புது லைனிங்கில் பழுப்புக் கறை. துணி தடிமனாக இருந்தாலும் தொல்லைதான். விளிம்பின் மேல் மடிந்த துணியும் ரப்பரும் சேர்ந்து இடம் போதாமல், கண்ணாடியை அழுத்தும்போது அது விரிசல் விடலாம்.

மரப்பசை

மரம் ஒட்டும் பசை தகட்டில் பிடிக்காது. வெப்பம் தாங்கும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்ததும் அழுத்துங்கள். கதவுகள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

எல்லாச் சுருக்கத்துக்கும் ஹீட் கன்

லைனிங் ரெக்சினாக இருந்தால், கடைசியாக மிஞ்சும் லேசான சுருக்கத்தை ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) எடுத்துவிடும். ஓரிடத்தில் நிறுத்தாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தவறாக இழுத்ததால் வந்த சுருக்கத்தைச் சூட்டால் மறைத்தால், அடுத்த வெயிலில் திரும்பி வரும். அதற்குக் கிளிப்பைக் கழற்றித் திரும்ப இழுப்பது மட்டுமே வழி. மடிப்புத் தடம் போக, மாட்டுவதற்கு முன் துணியை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து வையுங்கள். சூடாக இருக்கும்போதே மாட்டினால் ரெக்சின் நன்றாக இழுபடும், ஆறும்போது இன்னும் விறைக்கும்.

ரூஃப் லைட், சன் வைசர் துளைகள்

எல்லாவற்றுக்கும் கடைசியில். மாட்டும் முன்பே அந்தந்தத் துளையில் பழைய ஸ்க்ரூவைத் திருகி வைத்துவிட்டால், துணிக்கு மேல் விரலால் தடவியே இடம் கண்டுபிடிக்கலாம். ஸ்க்ரூவுக்குக் குத்தூசித் துளை போதும். லைட்டுக்குச் சின்னப் பெருக்கல் குறியாக ஒரு வெட்டு.