கல்வாழைக்கு முன்னால் கட்ட வேண்டிய தொட்டி

வீடுகளின் குளியல், சமையலறைக் கழிவுநீரைச் சுத்தப்படுத்த ஜல்லி நிரப்பிச் செடி நடும் குழிதான் கல்வாழைப் படுகை. ஓவர்சியராக இருந்தபோது நான் போட்ட முதல் படுகை எட்டே மாதத்தில் அடைத்துக்கொண்டது. மேலே பூ குலுங்குகிறது. சாக்கடைத் தண்ணீரோ ஜல்லிக்குள் இறங்காமல் மேலாகவே ஓடுகிறது. தோண்டினால் கறுப்புச் சேறும் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று, கசடை முன்னாலேயே அடியில் தங்கவைக்கும் படிவுத் தொட்டிக்குப் பதிலாக ஒரு சிமென்ட் உறையை இறக்கி வைத்தது நான்தான்.

அதனால் தொட்டியில் தொடங்குங்கள். ஐம்பது வீடு, 225 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்; அதில் 80 சதவீதம் வாய்க்காலுக்கு வரும். ஏறக்குறைய 10,000 லிட்டர். ஒரு நாள் தண்ணீர் முழுக்கத் தங்கும்படி 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், வெளியேறும் இடத்தில் பிவிசி 'டி' குழாய். மிதக்கிற எண்ணெய் 'டி'யைத் தாண்டாது. முகப்பில் கம்பி வலை. தூர் எடுக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; இந்தத் தொட்டிக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு வண்டி வரட்டும்.

படுகை: தண்ணீர் மூன்று நாள் தங்க வேண்டும். நீராழம் 60 செ.மீ., ஜல்லியின் இடைவெளி 40 சதவீதம் என்றால் 125 சதுர மீட்டர் வரும். 20 மீட்டருக்கு ஆறேகால் மீட்டர். அடியில் களிமண்ணை மிதித்து இறுக்குங்கள், அல்லது கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். தண்ணீர் நுழையும் பக்கம் முதல் அரை மீட்டர் நீளத்துக்கு மட்டும் பெரிய கல், மற்ற இடமெல்லாம் அலசிய 20 மி.மீ. ஜல்லி. அலசாமல் கொட்டினால் கிரஷர் தூசியே பாதி அடைத்துவிடும். கடைசியில் திருப்பக்கூடிய எல்போ (வளைவுக் குழாய்) வைத்தால் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கலாம். எப்போதும் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கட்டும், கொசு வராது. கல்வாழை, சம்பு, நாணல் எது கிடைத்தாலும் சதுர மீட்டருக்கு நாலு கிழங்கு. ஆகாயத்தாமரையை மட்டும் அண்டவிடாதீர்கள்.

இடம்தான் பெரிய தலைவலி. ஏரிக்கரை ஓரம் சும்மாதானே கிடக்கிறது என்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும், அளவு காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் வந்துவிட்டது. நல்ல காரியம் என்பது அங்கே செல்லாது.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அசுத்தத்தை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடக்கூடாது என்கிறது. கழிவுநீரை விடப் புதிய வாய் திறக்க 25ஆம் பிரிவின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு முன்கூட்டியே வேண்டும். ஊராட்சித் தலைவர்கள் பலரும் இதைத் தொழிற்சாலைச் சட்டம் என்றே நினைக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையங்களுக்கான 2017 அறிவிக்கையில், பெருநகரம் அல்லாத இடங்களுக்கு பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மி.கிராம் வரைதான். அதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். வெளிவரும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும். கீரைப் பாத்திக்கு வேண்டாம், கிருமி முழுதும் சாவதில்லை.

விடியற்காலையில் ஒருமுறை வாய்க்காலோடு நடந்து பாருங்கள். யாராவது செப்டிக் டேங்க் வழிவை ரகசியமாக இணைத்திருப்பார்கள். அதை அடைக்காவிட்டால், குளியல், சமையல் தண்ணீருக்கென்று மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

பணத்துக்குத் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் 5,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்குச் சாம்பல்நீர் (கழிப்பறை சேராத வீட்டுக் கழிவுநீர்) வேலைக்கென்று ஆளுக்கு 280 ரூபாய் வரை வைத்தார்கள். 225 பேருக்கு 63,000, ஜல்லிக்கே இழுத்துப்பிடிக்கும். மிச்சத்துக்கு நிதிக்குழு மானியத்தைப் பாருங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையிலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். அந்தத் தீர்மானத்தில் கம்பி வலையைத் தினமும் வழிக்கிறவரின் கூலியும் ஒரு வரியாக இருக்கட்டும்.