யார்டு மென்பொருளுக்கு எந்த மெசேஜ் புரோக்கர்?

மணலி, திருவொற்றியூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளில் கேட், எடைமேடை, பில்லிங், எஸ்எம்எஸ் எல்லாம் தனித்தனி மென்பொருள்கள். ஒன்றை ஒன்று நேரடியாகக் கூப்பிடும்படி எழுதியிருந்தால், பில்லிங் சர்வர் படுத்ததும் கேட்டும் நிற்கும். டிரெய்லர்கள் ரோட்டில் வரிசை கட்டும். அதைத் தவிர்க்கத்தான் நடுவில் மெசேஜ் புரோக்கர்: ஒரு மென்பொருள் அனுப்பும் மெசேஜை வாங்கி வைத்து, அடுத்ததிடம் சேர்க்கும் மென்பொருள்.

வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளைக்கு 5,000 வண்டி, வண்டிக்கு 20 மெசேஜ் என்று வைத்தாலும் ஒரு லட்சம்தான். சராசரியாக விநாடிக்கு இரண்டுகூட வராது. எந்த புரோக்கரும் தாங்கும். கேட்க வேண்டியது வேறு: வேலை முடிந்ததும் மெசேஜ் போய்விடலாமா, பிறகும் யாராவது படிக்க வேண்டுமா?

'இந்த வண்டிக்கு பில் போடு' முடிந்தால் தீர்ந்தது. அதற்கு ராபிட்எம்கியூ என்ற புரோக்கர். கன்டெய்னர் வந்தது, அடுக்கு மாறியது, வெளியே போனது என்ற வரலாற்றைப் பல மென்பொருள்கள் அவரவர் வேகத்தில் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டுமென்றால் காஃப்கா. எதிர்முனையில் இருக்கும் வங்கியோ கப்பல் நிறுவனமோ ஐபிஎம் எம்கியூ கேட்டால் அதையே போடுங்கள், லைசென்ஸ் செலவோடு. ஜேஎம்எஸ் (ஜாவாவில் மெசேஜ் அனுப்பும் பொது முறை) வழியாகப் பேசும் பழைய புரோகிராம்களுக்கு ஆக்டிவ்எம்கியூ ஆர்டெமிஸ். பெரும்பாலான யார்டுகளுக்கு ராபிட்எம்கியூவே போதும். காஃப்காவைப் பராமரிக்கத் தனியாக ஆள் வேண்டும்.

ராபிட்எம்கியூவில் மூன்று நோடு (புரோக்கர் ஓடும் சர்வர்), குவோரம் கியூ (மெசேஜின் நகலைப் பல நோடுகளில் வைத்து, பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் ஏற்கும் வரிசை) வையுங்கள். நகல் வைக்கும் பழைய முறையான மிரர்டு கியூ 4.0 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது, அதைச் சொல்லித்தரும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். பப்ளிஷர் கன்ஃபர்ம், அதாவது மெசேஜ் பத்திரமாக வந்தது என்று அனுப்பியவருக்கு புரோக்கர் சொல்லும் உறுதி, இருக்கட்டும். பில் டேட்டாபேஸில் ஏறிய பிறகே அக் (வேலை முடிந்தது என்று புரோக்கருக்குச் சொல்லும் பதில்) அனுப்புங்கள். பிரீஃபெட்சை, அதாவது அக் வருவதற்கு முன் ஒரு கன்ஸ்யூமருக்கு (மெசேஜை எடுத்து வேலை செய்யும் புரோகிராம்) கொடுத்துவைக்கும் மெசேஜ் எண்ணிக்கையை, 10-இல் தொடங்குங்கள். வரம்பு வைக்காவிட்டால் ஒரே கன்ஸ்யூமர் மொத்தத்தையும் வாரிக்கொள்ளும், மற்றவை சும்மா கிடக்கும். முடிக்க முடியாத மெசேஜ்கள் ஒதுங்கும் டெட் லெட்டர் கியூவும் கட்டாயம்: 4.0-இல் குவோரம் கியூ ஒரு மெசேஜை இயல்பாக 20 முறைதான் திருப்பித் தரும், அதன்பின் போக இடமில்லையென்றால் சத்தமில்லாமல் அழித்துவிடும். மெமரி வரம்பைத் தாண்டினால் புரோக்கர் அனுப்புபவரையே தடுக்கும். அப்போதும் கேட் ஓட வேண்டுமே! அதனால் கேட் மென்பொருள் முதலில் தன் டேபிளில் எழுதிவிட்டு, அங்கிருந்து அனுப்பட்டும்.

காஃப்கா மெசேஜ்களைப் பார்ட்டிஷன் என்ற பகுதிகளாகப் பிரித்து வைக்கும்; வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே நிச்சயம். 11 எழுத்து கன்டெய்னர் எண்ணைக் கீயாக (எந்தப் பார்ட்டிஷன் என்று தீர்மானிக்கும் அடையாளம்) வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே போனது முன்னும் உள்ளே வந்தது பின்னும் படிக்கப்படலாம். பார்ட்டிஷன் ஆறு என்றால் வேலையைப் பங்கிட்டுப் படிக்கும் ஒரே குரூப்பில் ஏழாவது கன்ஸ்யூமருக்கு வேலை இல்லை. பார்ட்டிஷனைப் பின்னால் கூட்டினால் கீ இடம் மாறும், வரிசை குலையும். மெசேஜை வைத்திருக்கும் காலம் இயல்பாக 7 நாள்தான். ஒரு மெசேஜின் அளவும் சுமார் 1 எம்பிதான்; கன்டெய்னர் சீல் போட்டோவை அனுப்பாமல் அது இருக்கும் பாதையை மட்டும் அனுப்புங்கள்.

எதை வைத்தாலும் ஒரே மெசேஜ் இரண்டு தடவை வரலாம். பில் டேபிளில் மெசேஜ் ஐடிக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டாம் முறை ஏறாமல் தடுப்பது) போடாவிட்டால் ஒரே வண்டிக்கு இரண்டு பில் விழும்.

மூன்று நோடையும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், அதுவும் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வட சென்னையில் தண்ணீர் நின்றதைப் பார்த்தோமே. நேரலைக்கு முன், மெசேஜ் ஓடும்போதே ஒரு நோடைப் பிடுங்கிப் பாருங்கள். பில்லிங்கை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, தேங்கியது எவ்வளவு நேரத்தில் வடிகிறது, அனுப்பிய எண்ணிக்கையும் பில் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்றும் எண்ணிவிடுங்கள்.