ஊசி போட்ட மாட்டுப் பாலும் நாம பண்ற கோளாறும்

புதுசா ரெண்டு மாடு வாங்கின தம்பி ஒருத்தர் போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, ஊசி போட்ட மாட்டுப் பாலை நல்லா கொதிக்க வச்சா மருந்து போயிடும்ல?"ன்னு கேட்டார். நானும் ஒரு காலத்துல இதையேதான் நம்பிட்டுத் திரிஞ்சேன்.

காய்ச்சினா போயிடுமா?

போகாது. கிருமிதான் சாகும். பால் கம்பெனில 72 டிகிரில 15 செகண்ட் சூடு காட்டியும் பென்சிலின்ங்கிற ஆன்டிபயாடிக் மருந்து அப்படியேதான் இருக்கும், வீட்ல பொங்கப் பொங்க காய்ச்சினாலும் கொஞ்சம்தான் குறையும்.

மத்த மூணு காம்பு

இதை யார் பண்ணாலும் எனக்கு இன்னும் கடுப்பாகும். ஒரு காம்புல மடிநோய், டாக்டர் அதுல மருந்து டியூப் ஏத்திட்டுப் போயிட்டார், நான் என்ன பண்ணேன்னா அந்தக் காம்புப் பாலை மட்டும் கீழ பீச்சிட்டு மத்த மூணு காம்புப் பாலையும் தயிர் போட்டு விக்கிற அண்ணன் ஒருத்தருக்கு ஊத்திட்டேன். மறுநாள் 40 லிட்டரும் உறையல. உறை மோர் சரியில்லன்னு அவர்கிட்ட சண்டை வேற போட்டேன், வெக்கக்கேடு. மடி நாலும் தனித்தனிதான், ஆனா மருந்து ரத்தத்துல ஏறி மத்த காம்புக்கும் வந்துடும், பால் உறையறதையும் கெடுத்துடும். பால்ல பென்சிலினுக்கு சர்வதேச உச்ச வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான், கணக்குப் போட்டா ஒரு மில்லிகிராம் 250 லிட்டரை அந்த அளவுக்குக் கொண்டு போயிடும். மத்த மாட்டுப் பாலோட கலந்தா கரைஞ்சிடும்னு நினைக்கிறதும் இதே கதைதான். காசு குடுத்தேன், அந்த வாடிக்கை திரும்ப வரல.

தயிர் உறைஞ்சா சுத்தமா?

இல்ல. எல்லா மருந்தும் உறையைக் கெடுக்காது.

நாள் கணக்கு

மருந்தைப் பாலுக்குள்ள இருந்து எடுக்க வீட்டுல வழி கிடையாது, மாடே வெளிய தள்ளணும். பால் ஊத்தக் கூடாத நாளைக் கடைசி டோஸ்ல இருந்து எண்ணுங்க, முதல் ஊசில இருந்து இல்ல. லேபிள்ல இருக்கிற நாளைப் பாருங்க, பாலுக்கு நாள் உறுதி பண்ணாத மருந்துன்னா நம்ம நாட்டு விதிப்படி குறைஞ்சது 7 நாள். மடி வத்தும்போது போடுற டியூப்புக்கு நாள் இன்னும் அதிகம், மாடு முன்கூட்டியே ஈனிட்டா டாக்டரைக் கேக்காம பால் ஊத்தாதீங்க.

கன்னுக்கு ஊத்தலாமா?

வேண்டாம். குழி வெட்டி ஊத்துங்க.

அடையாளம்

எந்த மாட்டுக்கு ஊசி போட்டிருக்குன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்தேன், நான் கல்யாணத்துக்குப் போன அன்னிக்கு மச்சான் வந்து அந்த மாட்டையும் சேர்த்துக் கறந்துட்டார். இப்ப ஊசி போட்ட மாட்டோட பின்னங்கால்ல சிவப்புத் துணி கட்டிடறேன்.