எழுத விஷயம் தீராமல் இருக்க ஒரு சின்ன நோட்டு

புதிதாக எழுத வருகிறவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன எழுதுறதுன்னே தெரியலையே?" நானும் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகு விஷயம் தேடினால் கிடைக்காது. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில், சட்டைப்பையில் நுழைகிற மாதிரி ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் வேண்டாம், திறந்ததும் கவனம் வேறெங்கோ போய்விடும். தினமும் 3 வரி. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுங்கள். 'ஆற்றில் நல்ல வெள்ளம்' என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதில் ஒன்றும் இருக்காது. என் நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'குறுக்குத்துறை. மண்டபம் முங்கிவிட்டது. கரையில் நின்ற அண்ணாச்சி, "முருகன் மேலக்கோயிலுக்குப் போயாச்சு" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போன மாதிரி.' திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் அது. வெள்ளம் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். அது ஊருக்கே தெரியும். அண்ணாச்சி சொன்ன தோரணைதான் எனக்குக் கிடைத்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து, ஒரு வரிக்கு 5 கேள்வி போடுங்கள். அல்வா என்று வைத்துக்கொள்வோம். 'ஏன் இவ்வளவு ருசி?' என்று கேட்டால் 'ஆத்துத் தண்ணி' என்ற பதில் தயாராக இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை எங்கே போகிறது? கிண்டுகிறவருக்குக் கை வலித்தால் யார் மாற்றிக்கொள்வார்? அவர் வீட்டில் தீபாவளிக்கு என்ன இனிப்பு? மூன்றையும் தனித்தனியாக எழுதலாம்.

பதில் தெரியாத கேள்வியோடு ஆட்களிடம் போங்கள். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "ஆச்சி, அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சேர்த்து நெய்து தருவார்கள். அதனால், "ஆச்சி, உங்க கல்யாணப் பாயில யார் பேர் முதல்ல இருந்துச்சு?" என்று கேளுங்கள். சிரிப்பார்கள். அப்புறம் அந்தப் பாய் எங்கே போனது, யார் எடுத்துப் போனார்கள் என்று பேச்சு நிற்காது. சின்னதாகக் கேட்டால்தான் பெரிதாகச் சொல்வார்கள் என்பது என் அனுபவம்.

கிடைத்ததை அன்றே எழுதிவிடாதீர்கள். அதே பத்தமடையில் கோரையைக் கீறிக் காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் தறிக்குக் கொண்டுபோவார்கள். நான் ஒரு வாரமாவது விடுகிறேன். அதற்குள் மறந்துபோனால் போகட்டும்.

ஒரு வரி மட்டும் தனியாகப் போதாவிட்டால் நோட்டில் உள்ள இன்னொன்றோடு சேர்த்துப் பாருங்கள். மேலக்கோயிலுக்குப் போன முருகனும் வீடு மாறிப் போன பாயும் எனக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டன.

மாதக் கடைசியில், எழுதாமல் மிச்சமிருக்கும் வரிகளை எண்ணுங்கள். 10-க்குக் கீழே போய்விட்டால் அந்த வாரம் எதுவும் எழுத வேண்டாம். திருநெல்வேலியில் பாபநாசம் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் நோட்டைத் திறந்துவிடுவீர்கள்.