எம்.எஸ். உள்ளவர்களுக்கு மூளைப் பயிற்சியும் உடற்பயிற்சியும்: 12 வாரத் திட்டம்

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் நோய். இதில் கால் தளர்வது எல்லார் கண்ணுக்கும் தெரியும். யோசிக்கும் வேகம் குறைவது வீட்டாருக்கே தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து வாரம் 2 நாள், 12 வாரம் பயிற்சி செய்யலாம். 2023-இல் வெளியான காக்எக்ஸ் ஆய்வு, நோய் படிப்படியாக முற்றும் வகையினர் 311 பேரை வைத்து இதே அளவில்தான் பயிற்சியைச் சோதித்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள், ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட யோசிக்கும் வேகத்தில் முந்திவிடவில்லை. ஒரே நாளில் இரண்டும் முடியாவிட்டால் பிரித்துச் செய்யுங்கள்.

தொடங்குமுன் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, தைராய்டு, பி12 குறைபாடு எல்லாமே மறதி போல வேஷம் போடும்.

மூளைப் பயிற்சி முதலில். களைத்த பிறகு செய்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள். ஒரு சீட்டுக்கட்டு போதும். கலைத்து, ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். கையில் இருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டே, அதற்கு முன் வந்த சீட்டு ஸ்பேடா, ஹார்ட்டினா என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் சரிபார்க்கட்டும். 20-க்கு 16 சரியாக வந்தால், அடுத்த முறை அதற்கும் முந்திய சீட்டைச் சொல்லுங்கள். 12-க்குக் கீழே இறங்கினால் பழைய படிக்குத் திரும்புங்கள். 10 நிமிடம், 5 நிமிட ஓய்வு, மறுபடி 10 நிமிடம். எப்போதும் சரியாகவே வந்துகொண்டிருந்தால் பயிற்சி நடக்கவில்லை, பொழுது போகிறது.

பிறகு உடற்பயிற்சி. சமநிலை குறைந்தவர்களுக்குச் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பத்திரமானது. 5 நிமிடம் மெதுவாக, பின் 2 நிமிடம் வேகம், 1 நிமிடம் மெதுவாக என 5 சுற்று, கடைசியில் 5 நிமிடம் தணிப்பு. வேகத்தின் அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தெம்பிருந்தால், சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 முறை.

பலரும் தடுமாறுவது வெப்பத்தில். மயலின் எனப்படும் அந்த மேலுறை சிதைந்த நரம்பில் உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி தடைபடும். பார்வை மங்கும், கால் இழுக்கும். உட்காஃப் விளைவு என்பது இதுதான். மின்விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போடுங்கள், குளிர்ந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். உடல் ஆறியதும் சரியாகிவிடும். சிறுநீர் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். போய்விட்டு வந்து உட்காருங்கள்.

அடுத்த தவறு, தெம்பான நாளில் இரட்டிப்பாகச் செய்வது. மறுநாள் காலையிலும் களைப்பு தீரவில்லை என்றால் அடுத்த முறை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

8-ஆவது வாரத்துக்குப் பிறகு, மிதித்துக்கொண்டே 100-இலிருந்து 3, 3 ஆகக் கழித்துச் சொல்லிப் பார்க்கலாம். நடந்துகொண்டே இதைச் செய்ய வேண்டுமென்றால் பிசியோதெரபிஸ்ட் கூடவே இருக்கட்டும். கணக்கில் கவனம் போகும் நொடியில்தான் கால் தட்டும்.

புதிய மரத்துப்போதலோ பார்வைக் குறைவோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.